ஈசாக் வீட்டுல இருக்கானோ என்னமோ

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரொட்டியைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் நின்று தன் இனத்தைப் பற்றிப் பேசுவது ரிஸ்தெனின் வேலை. சரியாகச் சொன்னால் வேலையில் பாதி. மீதிப் பாதி, நார்வேயின் வடகோடியிலிருந்து வரும், அவள் இனமான ஸாமிப் பழங்குடி நோயாளிகளுக்கும் வெள்ளைக் கோட்டுகளுக்கும் நடுவில் நின்று, இவர்கள் சொன்னதை அவர்களுக்கும் அவர்கள் சொல்லாமல் விட்டதை இவர்களுக்கும் எடுத்துச் சொல்வது. அந்தப் பாதியில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் பாதிதான் மாதம் ஒருமுறை வந்து படுத்தும்.

கூட்டம் மாறும், கேள்வி மாறாது. தெற்கு நார்வேக்காரர், ஜெர்மன்காரர், எரித்ரேயாவிலிருந்து வந்த செவிலி, பிலிப்பைன்ஸ் செவிலி, எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் படித்தவர்கள் போல முதலில் ஒன்றைத்தான் கேட்பார்கள்.

"உங்க வீட்டுல துருவமான் இருக்கா?"

"ஆடு இருக்கு," என்பாள் ரிஸ்தென்.

கேட்டவர் முகம் சுருங்கிவிடும். சர்க்கஸுக்குக் காசு கொடுத்து வந்தவனிடம் யானைக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன மாதிரி. ஸாமி என்றால் மான் மேய்த்தே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. ரிஸ்தெனின் ஊரான லுவோஸ்நார்கா கடலோரம். அவள் அப்பா ஈசாக்கிடம் ஒரு படகு உண்டு, ஒரு தொழுவம் நிறைய ஆடு உண்டு, ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டில் முன்பெஞ்சு உண்டு. மான் தோலைக் கூட அவர் கடையில்தான் வாங்குவார்.

பிப்ரவரி மாதம், மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் மறுபடி எட்டிப் பார்க்கத் தொடங்கிய வாரத்தில் நடந்த கூட்டம் அது. அன்று ரிஸ்தென் நன்றாகவே பேசினாள்.

"எங்க ஊர் ஆள் 'கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு'ன்னு சொன்னா, உடனே ஆபரேஷன் அறையத் தயார் பண்ணுங்க," என்றாள். சிரித்தார்கள். "எதையும் நேரா கேக்க மாட்டாங்க. 'இன்னார் வீட்டுல இருக்காரோ என்னமோ'ன்னு முணுமுணுத்தா, அவர் வீட்டுல இருக்காரா இல்லையான்னு நீங்க ஆராயாதீங்க. போனைக் கையில குடுத்துட்டு ரெண்டு நிமிஷம் தள்ளி நில்லுங்க."

முன்வரிசையில் போலந்துக்காரி ஒருத்தி இதை எழுதிக்கொண்டாள். யோலாந்தா என்று பெயர், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "யாருக்குப் போன் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"ரத்தம் நிறுத்துறவங்க சில பேர் இருக்காங்க. போன்ல பேரச் சொன்னாப் போதும். அவங்க தனியா உக்காந்து ஓதுவாங்க, ஜெபம் மாதிரி. காசு வாங்க மாட்டாங்க. யார் ஓதினாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது. நன்றியும் சொல்லக் கூடாது, சொன்னா ஓதினது முறிஞ்சுபோகும்."

"எங்க பக்கத்துக் கிராமத்துலயும் இப்படி முணுமுணுக்கிற கிழவிங்க உண்டு," என்றாள் யோலாந்தா. "ஆனா அவங்க நல்லா முட்டை வாங்கிக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள், ரிஸ்தெனும் சிரித்தாள். இதுவரை வந்தது சரி. ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் இந்த இடம் வரை வந்து வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவாள். "சில பேர் இருக்காங்க" என்பதுதான் அந்த வேலி. லுவோஸ்நார்காவில் ஈசாக் ரத்தம் நிறுத்துவார் என்று தெரியாத குடும்பம் கிடையாது. அதை வாயால் சொன்ன குடும்பமும் கிடையாது. யாருக்காவது கை வெட்டுப்பட்டால் போன் வரும். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற பேச்சு, பிறகு அடிபட்டவன் பேர், எந்தக் கை என்பது. அப்பா "சரி" என்பார். வைத்துவிடுவார். எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சில நாள் கழித்து வாசல் கதவின் பிடியில் ஒரு பெரிய காட் மீன் தொங்கும். யார் மாட்டினார்கள் என்று அம்மா கேட்க மாட்டாள், குழம்பு வைப்பாள். அந்த வீட்டில் பிறந்து முப்பத்தாறு வயதான ரிஸ்தென்கூட, "அப்பா, அது என்ன ஜெபம்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஹோவ்லாண்ட் பின்வரிசையில் இருந்தார். அறுவை சிகிச்சை டாக்டர், தெற்குக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நகைச்சுவை இல்லாத இடத்தில் மூச்சு முட்டும் ஜாதி.

"போன்லயே ரத்தம் நின்னுடும்னா சொல்லுங்க ரிஸ்தென், நான் நாளைக்கே மீன் பிடிக்கப் போயிடறேன். மாசம் பூரா தையல் போட்டுப் போட்டு விரல் வலிக்குது."

அறையே குலுங்கியது. எரித்ரேயாக்காரி கூடத் தட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ரிஸ்தெனுக்குக் காது சுட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரித்த அதே சிரிப்பு இது, கோட்டு மட்டும் புதிது. அடங்கிப்போயிருக்கலாம். பத்து வருஷமாக அடங்கித்தான் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அன்றைக்கு அந்தத் தவளைக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"என் அப்பா நிறுத்துவார்," என்றாள்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அந்த அமைதி எவ்வளவு இனித்தது என்பதை அவள் பிறகு நினைத்து நினைத்துக் கூசினாள். அந்த இனிப்பில் மேலும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் கை படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி நரம்பு தெறித்தது, நடுக்கடலிலிருந்து போன் வந்தது, அப்பா பின்னறைக்குப் போனது, படகிலிருந்தவர்கள் கட்டுப் போட்டுப் போட்டும் நிற்காத ரத்தம் அந்த நிமிஷமே நின்றது. ஊரின் பேரைச் சொன்னாள். அப்பாவின் பேரைச் சொன்னாள்.

"அப்ப உங்க அப்பா ஒரு ஷாமன்," என்றார் ஹோவ்லாண்ட். இப்போது கேலி இல்லை, உண்மையிலேயே வாய் பிளந்திருந்தார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மேளம் தட்டி ஆவி அழைத்தவர்கள் என்று அந்தக் கடற்கரையில் மனிதர்களை உயிரோடு கொளுத்தியிருக்கிறார்கள். முந்நூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் ஈசாக்கைப் போன்ற ஜெபவீட்டு மனிதர்கள் நெருப்பைத் தொட்டது போலக் கையை இழுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் விளக்க ஒரு மணி நேரம் ஆகும், சாப்பாட்டு நேரத்தில் மிச்சம் இருந்ததோ ஐந்து நிமிஷம்.

"அப்படியும் சொல்லலாம்," என்றாள் ரிஸ்தென்.

மறுவாரம் மருத்துவமனையின் செய்தி மடலுக்காக ஒரு பெண் வந்து படம் எடுத்தாள். ஸாமி உடையான காக்தியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள், ரிஸ்தென் போட்டுக்கொண்டு போனாள், நீலமும் சிவப்புமாக, வெள்ளிப் பொத்தான் பளபளக்க. படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் தலைப்பு வந்தது: ஷாமனின் மகள். உள்ளே அப்பா பெயர், ஊர், எதிர்வீட்டுக்காரர் கை, எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. குற்றம் சொல்ல ஒரு எழுத்துக்கூட இல்லை, எல்லாம் அவள் சொன்னதுதான். மருத்துவமனை மடலை லுவோஸ்நார்காவில் யார் படிக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒருத்தியின் தங்கை லுவோஸ்நார்காவில் வாழ்க்கைப்பட்டவள் என்பது நினைவுக்கு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்த முறை திறந்தது ஊரின் வாய்கூட இல்லை, அவளுடையது.

மார்ச் கடைசியில் அம்மா போன் பண்ணினாள். அவள் போன் பண்ணினால் முதலில் வானிலை, அப்புறம் ஆடு, அப்புறம் யார் இறந்தார்கள் என்பது. எல்லாம் முடிந்த பிறகு, வைக்கப்போகிறவள் போல மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்க அப்பா போனை இழுப்பறையில வச்சுட்டாரு."

"எந்த இழுப்பறை?"

"மெழுகுவத்தி வைக்கிறோமே, அது."

"ஏம்மா?"

"நிறைய பேர் பண்றாங்க. தெக்கேருந்து எவளோ ஒருத்தி, நாய்க்கு ரத்தமாப் போகுதாம், எவ்வளவு பணம்னு கேக்கறா. நேத்து ரேடியோக்காரன். மேளம் வச்சிருக்கீங்களான்னு கேட்டான்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஜெபவீட்டுல பெஞ்சு மாத்தி உக்காந்துக்கிட்டாரு. கடைசிப் பெஞ்சு."

"திட்டினாராம்மா? என்னை ஏதாவது சொன்னாரா?"

"உன்னையா? உன்னை என்ன சொல்லணும்?" என்றாள் அம்மா. "காத்து வடக்கால திரும்பிடுச்சு. வைக்கிறேன்."

திட்டியிருந்தால் தேவலை. ரிஸ்தென் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ஈஸ்டருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். பார்த்து என்ன பயன், வாசலில் நின்றதும் அவள் செய்த முதல் காரியம் கதவைத் தட்டியது. லுவோஸ்நார்காவில் கதவைத் தட்டுகிறவர்கள் போலீசும், வரி அதிகாரியும், வழி தவறிய சுற்றுலாக்காரனும்தான். மற்றவர்கள் நேரே உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்துகொள்வார்கள். தட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பாவே வந்து கதவைத் திறந்தார். அவள் பிறந்த வீட்டின் கதவை அவளுக்காக ஒருவர் திறந்துவிட்டது அதுதான் முதல் முறை.

"ஓ," என்றார் ஈசாக். "நீயா. அதிகாரி யாரோ வந்துட்டாங்கன்னு பாத்தேன்."

காபி ஊற்றினார். ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டைத் தன் கையாலேயே அவள் கோப்பையில் போட்டார், சின்ன வயதில் போடுவது போல. எத்தனை ஆடு சினையாக இருக்கிறது, எந்த ஆடு மண்டைக்கனம் பிடித்தது என்று சொன்னார். அவள் மூன்று முறை வாயைத் திறந்தாள்.

"அப்பா, அந்த மடல்ல வந்தது..."

"படம் நல்லா இருந்துச்சு. காக்தி உனக்கு எடுப்பா இருக்கு."

"நான் அப்படிச் சொல்லல. அவங்க கேட்டாங்க, நான்..."

"பேசறது உன் வேலை. அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க." குரலில் கோபமே இல்லை. அவளைப் பயமுறுத்தியது அதுதான். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள், தட்டாமல்தான். அடுப்பருகே உட்கார்ந்தாள். காற்றைப் பற்றிப் பேசினாள். பிறகு, சின்னவனுக்குக் காலையிலிருந்து மூக்கில் ரத்தம், நிற்கவே மாட்டேன் என்கிறது, என்னமோ போங்கள் என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

ஈசாக் கோப்பையைக் கீழே வைத்தார். "டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ," என்றார்.

அந்தப் பெண் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ரிஸ்தென் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எழுந்து போனாள்.

"அப்பா!"

"நான் ஆடு வளக்கிறவன்," என்றார் ஈசாக். "வேற ஒண்ணும் இங்க இல்ல இப்ப."

அது போய்விட்டதா, இல்லை அவர் மூடி வைத்திருக்கிறாரா? திரும்பி வரும் வழி முழுக்க ரிஸ்தென் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். கோபத்தில் மூடி வைத்திருந்தால் என்றாவது திறக்கும். போய்விட்டது என்றால், சொல்லாமல் இருந்ததால் மட்டுமே நிலைத்திருந்த ஒன்றை, ரொட்டி தின்றுகொண்டிருந்த முப்பது பேர் முன்னால் அவள் வாய் கொன்றுவிட்டது. அவர்கள் அவள் இனத்தை மதிக்க வேண்டும் என்பதற்காக! கேட்க ஆள் இல்லை. அப்பாவிடம் கேட்க முடியாது. கேட்பதே இன்னொரு முறை சொல்வதுதான்.

மே மாதம் பனி உருகி ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு காலை, ரிஸ்தென் அறையின் கதவு தட்டாமலே திறந்தது. யோலாந்தா, தலையில் பச்சைத் தொப்பி, மூச்சு வாங்க நின்றாள்.

"லுவோஸ்நார்காலேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. ஆம்புலன்ஸ்ல. வயித்துப் புண்ணு உடைஞ்சு ரத்தமா வாந்தி எடுக்கறாங்க. குழாய் விட்டுப் பாத்தாச்சு, உள்ள நிக்க மாட்டேங்குது. உடனே வயித்தத் திறக்கணும். அவங்க சம்மதிக்க மாட்டேங்கறாங்க."

"என்ன சொல்றாங்க?"

"வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. 'ஈசாக் வீட்டுல இருக்கானோ என்னமோ'ங்கறாங்க. திரும்பத் திரும்ப அதையே." யோலாந்தாவின் முகம் மலர்ந்திருந்தது, பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை போல. "நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. மத்தவங்க, இவங்க யாரோ சொந்தக்காரன விசாரிக்கிறாங்கன்னு நினைச்சாங்க. நான்தான் சொன்னேன், இது போன் கேக்கறதுன்னு. ஈசாக்னா உங்க அப்பாதானே?"

ராகேல் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்தவள்.

அத்தை கட்டிலில் காகிதம் மாதிரிக் கிடந்தாள். இரண்டு கையிலும் ஊசி, மேலே ரத்தப் பை. ஹோவ்லாண்ட் கைகளைக் கழுவிவிட்டு வாசலில் நின்றார். ரிஸ்தென் அவருடைய நகைச்சுவைக்காகத் தன்னை இறுக்கிக்கொண்டாள். அவர் தாழ்ந்த குரலில், "போன் பண்ணுங்க. என் அறைக்குப் போங்க, யாரும் வரமாட்டாங்க. ஆனா ரொம்ப நேரம் இல்ல, ரிஸ்தென்," என்று மட்டும் சொன்னார்.

எதற்காகப் பத்து வருஷம் பேசினாளோ அது நடந்துவிட்டது. ஒரு கிழவி முணுமுணுத்ததை ஒரு போலந்துக்காரி புரிந்துகொண்டாள், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தெற்குக்காரர் காத்து நிற்கிறார். எல்லாக் கதவும் திறந்திருந்தது, இழுப்பறை ஒன்றைத் தவிர.

ஹோவ்லாண்டின் நாற்காலியில் உட்கார்ந்து போன் போட்டாள். மணி அடித்தது. மெழுகுவத்திகளுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவில் அது அதிர்வதை அவளால் பார்க்க முடிந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அம்மா போன் அணைந்திருந்தது. குட்டி போடும் மாதம், இருவரும் தொழுவத்தில் முழங்கை வரை ஈரத்தோடு நிற்பார்கள். மறுபடி அப்பாவுக்கு. "எடுங்கப்பா," என்று வாய்விட்டுச் சொன்னாள். "உங்க அக்காப்பா. எனக்காக வேணாம், எடுங்க." சுவரில் ஹோவ்லாண்ட் பிடித்த மீன் ஒன்று சட்டத்துக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது. மணி ஓய்ந்தது.

நடைபாதையில் யோலாந்தா கேள்வியாகப் பார்த்தாள். ரிஸ்தென் நிற்கவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்தாள். அத்தையின் கண்கள் அவளைத் தேடிப் பிடித்தன. அந்தக் கண்கள் அப்பாவின் கண்கள்தான்.

"வீட்டுல இருந்தானா?" என்றாள் அத்தை. குரல் வெறும் காற்றாக வந்தது.

இல்லை என்று சொன்னால் இவள் கையெழுத்துப் போட மாட்டாள். இருந்தார் என்றால் பச்சைப் பொய், அதுவும் இந்த விஷயத்தில். ஊர் வழக்கமே அவளுக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தது. ஓதியது பற்றி யாரும் விவரம் கேட்க மாட்டார்கள், யாரும் விவரம் சொல்ல மாட்டார்கள். ரிஸ்தென் அப்பா சொல்வது போலவே, அதே இழுப்பில், ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"சரி."

ராகேல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கொஞ்சம் அதிக நேரம். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள். பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ரிஸ்தென் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு அன்று கடவுளிடம் பேச ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அத்தை செத்துப்போனால், அவள் கடைசியாகக் கேட்டது என் பொய் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஹோவ்லாண்ட் வந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. "பொழைச்சுட்டாங்க," என்றார். பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "சொன்னா நம்ப மாட்டீங்க, திறந்து பாத்தா நான் பயந்த அளவுக்கு ரத்தம் இல்ல. அன்னிக்கு நான் கேலி பண்ணினது தப்பு. உங்க அப்பாவுக்கு என் நன்..."

"சொல்லக் கூடாது!" என்று பின்னாலிருந்து அதட்டினாள் யோலாந்தா. "நன்றி சொன்னா முறிஞ்சுபோகும். பாடத்துல வந்துச்சு."

"ஆமா, ஆமா," என்று ஹோவ்லாண்ட் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் ரிஸ்தெனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள், ஒரு வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் புன்னகை. ரிஸ்தெனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. பதிலுக்குச் சிரித்து வைத்தாள்.

மறுநாள் காலை அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கிண்ணத்தில் கஞ்சி.

"இதப் பாரு. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் இத வச்சு," என்றாள். "டாக்டர் உசிரக் காப்பாத்தறான், சமையக்காரன் கொல்லப் பாக்கறான். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லையா இங்க?"

ரிஸ்தென் சிரித்தாள், சிரித்ததில் கண்ணில் நீர் முட்டியது. தலையணையைச் சரி செய்தாள். காற்றைப் பற்றிச் சொன்னாள், தென்காற்று, ஊரில் பனி நன்றாக இறங்கியிருக்கும் என்று. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, இதைப் பற்றி இனி யாரும் பேசப் போவதில்லை, அத்தைக்கு ஒரு நாளும் தெரிய வேண்டியதில்லை என்று நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழத் தொடங்கியது.

ராகேல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நன்றிடீ, புள்ள."

ரிஸ்தெனின் கை அப்படியே நின்றது. "அத்தை," என்றாள் அவசரமாக. "அதச் சொல்லக் கூடாதே."

"எதுக்குச் சொல்லக் கூடாதோ அதுக்குச் சொல்லல." ராகேல் கஞ்சியைத் தள்ளி வைத்தாள். "உங்க அப்பன் போன் எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த இழுப்பறையில மெழுகுவத்தி எடுக்கப் போய்ப் பாத்தவ நான். நீ போட்டா மட்டும் எடுத்திருப்பான்னு நினைச்சியோ? மார்ச்சுலேருந்து எவனுக்கும் எடுக்கல அவன்."

"பின்ன ஏன் கேட்டீங்க?"

"வாய்க்குப் பழகிப்போச்சு. பயத்துல அதுதான் வருது." ஜன்னலைப் பார்த்தாள். "அப்புறம் நீ வந்து நின்னே. அவன மாதிரியே 'சரி'ன்னே. உன் மூஞ்சியப் பாத்தேன். நான் மாட்டேன்னு சொல்லி அங்கேயே செத்துப்போயிருந்தா, அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ எங்க போவே?"

ரிஸ்தெனால் நிமிர முடியவில்லை. அத்தையின் போர்வை மீதே பார்வை கிடந்தது. யாரும் ஓதாமல், ஓதவில்லை என்று தெரிந்தே, இந்தக் கிழவி கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கத்திக்குக் கீழே போயிருக்கிறாள்.

"பயமா இருந்துச்சா, அத்தை?"

"பின்னே இருக்காதா?" என்றாள் ராகேல். "போற வழி பூரா."